மூணு ஞாயிறுக்கு ஒரு கோட்டு

கையைக் கொஞ்சம் தூக்குங்க தம்பி. அவ்வளவு உசரம் வேணாம், சாமியார் ஆசீர்வாதம் குடுக்கிற உசரம் போதும். ஆங், அப்படியே நில்லுங்க. தோள்ல குண்டூசி இருக்கு, மூச்சைப் பெருசா இழுத்தா குத்தும். தையக்காரன் முன்னாலயும் பாவசங்கீர்த்தனத் தொட்டியிலயும் அசையக் கூடாதுன்னு எங்க ஊர்ல சொல்வாங்க. ரெண்டு இடத்திலயும் அசைஞ்சா அளவு தப்பிப்போயிடும்.

கேட்டது காதுல விழுந்துச்சு, விழாம என்ன. இந்த உடுப்பு யாரோடதுன்னுதானே? செத்துப்போன ஒருத்தனோடது. பாருங்க, சொன்னேனா இல்லையா, குத்தும்னு. கையை எறக்காதீங்க. ஒரு சொட்டு ரத்தம், அவ்வளவுதான், துடைச்சுடலாம். நல்லவேளை துணியில படல.

எங்க ஊர்ல செத்தவன் உடுப்பைக் கண்டு யாரும் பயப்படறதில்ல. அதைப் போட்டுக்க ஆள் கிடைக்கலைன்னாத்தான் பயப்படுவாங்க. உங்ககிட்ட நாங்க கேக்கிறது மூணு ஞாயிறு. இன்னைக்கு ஒண்ணு, இன்னும் ரெண்டு. இந்த உடுப்போட இந்த வாசல்ல இருந்து கோயில் வரைக்கும் நடக்கணும், பூசை முடியற வரைக்கும் உள்ள இருக்கணும், திரும்ப நடந்து வரணும். மூணாவது ஞாயிறு முடிஞ்சதும் கழட்டிக் குடுத்துட்டு நீங்க டப்ளினுக்குப் போயிடலாம்.

தெரியும், தெரியும். இன்னைக்கே கிளம்பணும்னு சொல்லிட்டீங்க. பூசை முடிஞ்சு சாமியாரோட குதிரைவண்டி டவுனுக்குத் திரும்பும், அதுல உங்களுக்கு ஒரு இடம் கேட்டிருக்கீங்க, காலேஜ் தொறந்தாச்சு, எல்லாம் சரி. நான் உங்களைக் கட்டிப்போடல. கட்டிப்போட என்கிட்ட என்ன இருக்கு, ஓட்டுத் தையல் நூல்தான். ஒரு இழுப்புக்கு வந்துடும். நான் சொல்றதைக் கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. போறதுன்னா போங்க. ஆனா நீங்க போனா ஒருத்தன் குளிர்ல நிப்பான். அதைத் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க.

ஏன்னா, இங்க இந்த உடுப்பு போட்டு நடந்தாத்தான் அங்க அவனுக்கு உடுப்பு. எங்க பெரியவங்க சொல்லிவெச்சது. மொதல் ஞாயித்துக்கிழமை சட்டை போய்ச் சேரும். ரெண்டாவதுக்குக் கால்சட்டை. மூணாவதுக்குத்தான் கோட்டு. பாதியில விட்டா பாதி உடுப்போட நிக்கவேண்டியதுதான்.

சிரிங்க, சிரிங்க. படிச்ச பிள்ளைங்க சிரிக்கத்தான் செய்வீங்க. எங்க மேட்டுத்தெருவுல உனான்னு ஒருத்தி இருந்தா. அவளும் சிரிச்சா. புருசன் நெஞ்சுச்சளியில போயிட்டான், நல்ல கம்பளி உடுப்பு ஒண்ணு வெச்சிருந்தான். அடக்கம் முடிஞ்சு ஈரம்கூடக் காயல, செம்புக் கெண்டி விக்கிறவன் ஒருத்தன் வந்தான். பளபளன்னு ஒரு கெண்டியைக் காமிச்சான். உடுப்பைக் குடுத்துட்டுக் கெண்டியை வாங்கிட்டா. செத்தவனுக்கு எதுக்கு கால்சட்டை, அங்க என்ன வேலிதாண்டப் போறானான்னு கேட்டா. ஊரே சிரிச்சுது. நாக்கு நீளம் அவளுக்கு.

அப்புறம் குளிர்காலம் வந்துச்சு. எப்பெல்லாம் கெண்டியில தண்ணி கொதிக்குதோ, அப்பெல்லாம் கதவோட தாழ்ப்பாள் ஆடும். போய்ப் பார்த்தா அவன் நிப்பான். அடக்கத்துக்குப் போட்ட பழுப்பு அங்கியோட, வெறுங்காலோட. உள்ள வரமாட்டான், பேசமாட்டான், ஒண்ணும் கேக்கமாட்டான். கதவுக்குக் கீழ இருக்கிற இடுக்கு வழியா ஆவி போகுதில்ல, அந்த இடத்தில காலை வெச்சுக்கிட்டு நிப்பான். அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியது. பாருங்க தம்பி, செத்தவங்க நம்மகிட்ட பெருசா ஒண்ணும் கேக்கறதில்ல. கொஞ்சம் சூடு கேக்கிறாங்க. நாமதான் கதவைச் சாத்திடறோம்.

கடைசியில அவ என்ன பண்ணா தெரியுமா? கெண்டியைத் தூக்கிக் கடல்ல போட்டுட்டு, அந்த ஆளைத் தேடி ரெண்டு ஜில்லா நடந்தா. உடுப்பு எங்க கிடைச்சுதுன்னு நினைக்கிறீங்க? ஒரு வயல்ல, காக்கா ஓட்டற வைக்கோல் பொம்மை மேல. உருவிட்டு வந்தா. போட்டுக்க ஆம்பளை யாரும் முன்வரல. தானே போட்டுக்கிட்டா. பொம்பளை, புருசன் கால்சட்டையோட, பட்டப்பகல்ல, மூணு ஞாயிறு. ஊர் சிரிச்சுது. சாமியார் சிரிக்கல. அதுக்கப்புறம் தாழ்ப்பாள் ஆடல. இப்ப சொல்லுங்க, அவ போட்டது சாதா உடுப்பா?

இந்தப் பக்கம் திரும்புங்க. முதுகுல கொஞ்சம் தொளதொளன்னு இருக்கு. நீங்க மெலிஞ்சுட்டீங்க, காய்ச்சல் அப்படி. இல்ல இல்ல, வெட்டமாட்டேன். கத்தரி கையில எடுக்கவே மாட்டேன். ஓட்டுத் தையல்தான், மூணு ஞாயிறும் போனதும் பிரிச்சுடுவேன். உங்க அளவுக்கு வெட்டிட்டா அவனுக்கு அங்க பிடிக்குமே. தோள் அவனுக்கு அகலம்.

புதுசாத்தான் இருக்கு, ஆமா. அதிகம் போடல.

நொண்டி நொண்டிச் சுத்தி வர்றேனேன்னு பார்க்காதீங்க, பொறக்கும்போதே இப்படி. ஒரு கால் குட்டை. ஆட்டம் காணற காலைத் துடுப்புக்காரன் படகில ஏத்தமாட்டான், அதனால கடல் என்னைத் தள்ளிவிட்டுட்டுது, ஊசி எடுத்துக்கிச்சு. ஊசிகிட்ட நான் ஒரு பாடம் கத்துக்கிட்டேன். ஊசி அம்மணமா உள்ள போகும், அம்மணமா வெளிய வரும், தனக்குன்னு ஒரு நூலைக்கூட வெச்சுக்காது. ஆனா அது போன வழியெல்லாம் ரெண்டு துண்டு ஒண்ணாச் சேர்ந்து நிக்கும். மனுசன்ல அப்படி ஒருத்தன் பொறக்கறது அபூர்வம். பொறந்தா நிலைக்கறதில்ல.

தண்ணியில இருந்து யார் உங்களைத் தூக்கினதுன்னா? மறுபடியும் அதே கேள்வி. நன்றி சொல்லணும், அதானே? சொல்லலாம் தம்பி. அதுக்குத்தானே இவ்வளவும். நன்றிங்கிறது வாயில இருக்கிற சரக்குன்னு டவுன்ல நினைக்கிறீங்க. எங்களுக்கு அது கால்ல இருக்கு. நடந்துதான் சொல்லணும். கொஞ்சம் பொறுங்க.

நீங்க வந்த லட்சணம் எனக்குத் தெரியும். எங்க பேச்சைக் கத்துக்க வந்தீங்க. கோடை வந்தா உங்களை மாதிரி பிள்ளைங்க நோட்டும் புத்தகமுமா வர்றாங்க. உங்களுக்கு நாங்க ஒரு பேர் வெச்சிருக்கோம், கோவிச்சுக்காதீங்க. நல்லநாள்காரங்க. ஏன்னா வந்த உடனே உங்களுக்கு வாயில வர்றது அந்த ஒரு வார்த்தைதான். நல்ல நாள், நல்ல நாள். வானம் பொத்துக்கிட்டு ஊத்தும், நனைஞ்ச கோழி மாதிரி நின்னுக்கிட்டு, நல்ல நாள்ங்கய்யான்னு ஒரு கும்பிடு. எங்க ஆளுங்களும் பதிலுக்கு, ஆமாங்க, ரொம்ப நல்ல நாள்னு சொல்லிட்டு, சுவர் திரும்பினதும் விழுந்து விழுந்து சிரிப்பாங்க.

சிரிப்புக்குள்ள ஒரு வலியும் உண்டு. எங்கப்பாவுக்குப் பள்ளிக்கூடத்தில கழுத்தில ஒரு குச்சியைக் கட்டித் தொங்கவிட்டாங்க. இங்கிலீஷை விட்டு வீட்டுப் பேச்சு பேசினா குச்சியில ஒரு வெட்டு. சாயந்தரம் வெட்டுக்கு ஒரு அடி. அந்தப் பேச்சைத்தான் இப்ப நீங்க புத்தகத்தில எழுதிவெச்சுக்கிட்டுப் பழகறீங்க. தப்புன்னு சொல்லல. பிடுங்கினவன் திரும்பக் குடுக்க வந்தா வாங்கிக்கணும். ஆனா வாங்கற கை நடுங்கத்தானே செய்யும்.

அன்னைக்குக் காலையில வண்டி உங்களை, நீங்க தங்கறதா இருந்த இந்த வீட்டு வாசல்ல எறக்கிவிட்டுது. வீட்டில ஆள் இல்ல. தெருவிலயும் ஒரு ஈ காக்கா இல்ல. பெட்டியை உள்ள வெச்சுட்டு, வெயில் நல்லா இருக்கேன்னு குளிக்கப் போயிட்டீங்க. அதுவும் எங்க? முனைக்கு அந்தப் பக்கம் உள்ளங்கைத் துறைக்கு. பார்த்தா அமைதியா இருக்கும், பேருக்கேத்த மாதிரி குழிஞ்சு, ஆண்டவர் கையை நீட்டின மாதிரி. தண்ணி வத்தற நேரத்தில அந்தக் கை மூடிக்கும், உள்ள இருக்கிறதை விடாது. இந்த ரின்டூவ் ஊர்ல கைக்குழந்தைக்குக்கூட அது தெரியும். உங்களுக்கு யாரு சொல்றது? சொல்ல ஒருத்தர்கூட வீட்டில இல்லையே. உங்க உடுப்பெல்லாம் பாறை மேல இருந்து அலையோட போச்சு. பெட்டியில பார்த்தா புத்தகம்தான்.

ஊர் எங்க போச்சுன்னா? படகுத்துறைக்கு. மொத்த ஊரும் அங்கதான். ஒருத்தனை அமெரிக்காவுக்கு வழியனுப்ப.

அது எங்க ஊர் வழக்கம். இங்கிருந்து அங்க போனவன் திரும்பி வந்ததா சரித்திரமே இல்ல. அதனால போறதுக்கு முன்னாலயே இழவு காத்துடுவோம். உயிரோட இருக்கிறவனை நடுவில உக்காரவெச்சு ஆட்டம், பாட்டு, வீட்டுச் சாராயம், கடைசியில ஒப்பாரி. சில பேர் தன்னோட ஒப்பாரியைக் கேட்டு, நான் அவ்வளவு நல்லவனாடின்னு கேட்டுச் சிரிச்சதும் உண்டு. வந்த அன்னைக்கே மேட்டைப் பார்த்தீங்கள்ல? பச்சைப்புல்லுக்கு அடியில கோடு கோடா வரப்பு தெரியும். அதெல்லாம் உருளைக்கிழங்குப் பாத்தி. கிழங்கு அழுகின வருசம் நட்டவங்க, தோண்ட வரல. பாதிப் பேர் மண்ணுக்குள்ள, மீதிப் பேர் கப்பலுக்குள்ள. அன்னையில இருந்து எங்க ஊரை நாங்க வீட்டை வெச்சு எண்ணறதில்ல, அடுப்புப் புகையை வெச்சு எண்ணறோம். ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு புகை குறையும்.

அந்த ஆள் போனானான்னா? போனான்.

இந்த வீட்டு சோரஹாம்மா உங்ககிட்ட சொன்னாங்களாமே, என் மகன் போயிட்டான்னு. சரியாத்தான் சொல்லியிருக்காங்க. அவன் படுத்திருந்த கட்டில்லதான் நீங்க இத்தனை நாளும் காய்ச்சலோட கிடந்தீங்க. ஆட்டுப்பாலைக் காய்ச்சிக் கரண்டி கரண்டியா ஊட்டினாங்க. நீங்க பினாத்தறப்ப எல்லாம் சரிடா கண்ணு, சரிடா கண்ணுன்னு சொன்னாங்க. உங்களுக்கு நினைப்பிருக்காது. அவங்க எப்பவுமே கறுப்பா உடுத்துவாங்கன்னு நினைச்சீங்களா? ம்.

கழுத்தை நிமித்துங்க. காலர் பார்க்கணும்.

அலறல் கேட்டுச்சா? காய்ச்சல்லயா? எப்படி இருந்துச்சு? பொம்பளைங்க கூட்டமா அழற மாதிரியா? கடல்நாய் தம்பி. பாறை மேல ஏறிக்கிட்டு அப்படித்தான் அழும். அதுங்க அழுகையில மனுசக் குரல் இருக்கும். முழுகிப்போனவங்கதான் கடல்நாயாத் திரும்பி வர்றாங்கன்னு இங்க நம்பறவங்க உண்டு. அதனாலதான் யாரும் அதை அடிக்கறதில்ல. வலையில மீனைக் கிழிச்சாலும், போடா போ, யார் வீட்டுப் பிள்ளையோன்னு விட்டுடுவாங்க.

நீங்க கேக்கலைன்னாலும் ஒண்ணு சொல்றேன். எங்க ஊர்ல ஒருத்தருக்கும் நீச்சல் தெரியாது. கடலுக்குள்ளயே பொறந்து வளர்ந்தவங்க, ஒருத்தருக்கும் தெரியாது. கத்துக்கக் கூடாதுன்னு வெச்சிருக்கோம். நீச்சல் தெரிஞ்சவன் சாக நேரம் ஆகும், அவ்வளவுதான் வித்தியாசம்னு சொல்வாங்க. அதோட இன்னொரு கட்டளையும் உண்டு. கடல் பிடிச்சதைப் பிடுங்காதே. அதோட பங்கு அதுக்கு.

எப்படி வந்துச்சுன்னா, எங்க தாத்தா காலத்துல வெளிநாட்டுக் கப்பல் ஒண்ணு பாறையில மோதி உடைஞ்சுது. லோர்கன்னு ஒருத்தர் தனியாப் போய் ஒரு மாலுமியைத் தூக்கிட்டு வந்தார். மாலுமி நல்லா சாப்பிட்டு, தூங்கி எழுந்து, கைகுலுக்கிட்டுத் தன் ஊருக்குப் போயிட்டான். அந்தக் குளிர்காலம் லோர்கனும் அவர் ரெண்டு பிள்ளைங்களும் ஒரே படகில போனாங்க. படகு மட்டும் வந்துச்சு. அவர் பெண்சாதி கரையில நின்னு கடலைப் பார்த்துச் சொன்னாளாம், ஒண்ணு எடுத்ததுக்கு மூணா, இது என்ன கணக்கு ஆண்டவரேன்னு. அவளுக்கு யாரும் பதில் சொல்லல. பதில் கிடைக்காத துக்கம் என்ன ஆகும் தெரியுமா தம்பி? கெட்டியாகி ஒரு சட்டமா மாறிடும். அப்புறம் அந்தச் சட்டம் நம்ம குழந்தைக்குப் பாலோட சேர்ந்து போகும். எது பயம், எது பக்தின்னு பிரிச்சுப் பார்க்கவே முடியாது. நானும் அதைக் குடிச்சு வளர்ந்தவன்தான்.

அதனால, அன்னைக்குப் படகுத்துறையில இருந்து பார்த்தப்ப, முனையைத் தாண்டி தண்ணியில ஒரு தலை தெரிஞ்சுது. கை மேல வந்துச்சு, போச்சு. எல்லாரும் பார்த்தாங்க. ஒருத்தரும் அசையல. கிழவர் கோனல் சொன்னார், திரும்புங்கடா எல்லாரும், கடல் சாப்பிடறப்ப பார்க்கக் கூடாதுன்னு. இன்னொருத்தன், நம்ம ஆளில்லடா, நல்லநாள்காரன்டான்னான். எவனோ ஒரு பாவி, அவன் என்ன கத்தறான் கேட்டியா, நல்ல நாள்னு சொல்றான்னான். ரெண்டு மூணு பேர் சிரிச்சுட்டாங்க. பயத்துல வர்ற சிரிப்பு அது, அவங்களை வெறுத்துடாதீங்க. சிரிச்சவன் இன்னும் சோறு இறங்காம உக்காந்திருக்கான்.

நீங்க ஏன் வெளுத்துப்போறீங்க? உக்காரணுமா? உக்கார முடியாது, ஊசி இருக்கு. அப்படியே சுவரைப் பிடிச்சுக்குங்க. மோர் குடிக்கிறீங்களா? சரி.

பாக்கெட்டில கையை விடாதீங்க. வலதுபக்கம். அது அப்படியே இருக்கட்டும். துணியில முடிஞ்ச மண்ணு, வேற ஒண்ணுமில்ல. எங்க ஊர்ப் புனிதர் கல்லறை மண்ணு. கடல் தாண்டிப் போறவனுக்குத் தாய் முடிஞ்சு குடுப்பா. அது உடம்புல இருக்கிற வரைக்கும் முழுகமாட்டான்னு ஒரு நம்பிக்கை. பொய்யின்னு சொல்லமுடியாது. கோட்டு முழுகலையே.

ஆமா தம்பி. இந்தக் கோட்டுதான்.

ஒரு காலைப்பொழுது போட்டிருந்தான். அமெரிக்காவுக்குன்னு நான் தச்சது. இதைப் போட்டுக்கிட்டு மாப்பிள்ளை கணக்கா துறையில நின்னான். கிழவர் கோனல் திரும்புங்கடான்னதும் இவன் மட்டும் திரும்பல. நாளைக்கு நான் போய் எறங்கற ஊர்ல நானும் ஒரு நல்லநாள்காரன்தானேன்னான். பெருசா சத்தம்போட்டுக்கூடச் சொல்லல, பூட்ஸ் கயித்தை அவுத்துக்கிட்டே சொன்னான். கோட்டையும் சட்டையையும் கால்சட்டையையும் கழட்டி மடிச்சு என் கையில குடுத்தான். அண்ணா, இதைப் பிடி, உப்புத்தண்ணி பட்டா உன் தையல் கெட்டுடும்னான். அவ்வளவுதான். அதான் அவன் என்கிட்ட கடைசியாப் பேசினது.

ஃபெஹின். அவன் பேரு ஃபெஹின். எனக்கு ஒரே தம்பி. சோரஹாம்மா எனக்கும் அம்மா.

தார்ப்பாய் போர்த்தின லேசான படகைத் தனியா ஒருத்தன் அந்தத் துறைக்குள்ள கொண்டுபோறதே பெரிய காரியம். படகோட பின்பக்கமா குனிஞ்சு உங்க தலைமுடியைப் பிடிச்சுத் தூக்கிப் போட்டுக்கிட்டான். தலையில இன்னும் வலிக்குதுன்னீங்களே, அது அவன் விரல்தான். பாறை ஓரம் வரைக்கும் நேராக் கொண்டுவந்தான். அதுக்குள்ள நம்ம ஆளுங்களுக்கும் ரோசம் வந்து ஓடிவந்து கையை நீட்டினாங்க. உங்களைத் தூக்கி அவங்ககிட்ட குடுத்தான். உங்க பாரம் இருந்த வரைக்கும் படகு நிதானமா நின்னுது. நீங்க போனதும் லேசாயிடுச்சு. லேசான படகை அந்தத் துறை எப்ப விட்டிருக்கு? கை மூடிக்கிச்சு.

மறுநாள் கடல் அவனை அங்கயே திருப்பிக் குடுத்துடுச்சு. முகத்துல ஒரு கீறல்கூட இல்ல.

அடக்கமும் ஆச்சு. இந்த வீட்டில வெச்சு அழலாம்னுதான் எல்லாரும் சொன்னாங்க, முறை அதுதான். அம்மா ஒத்துக்கல. உள்ள ஒரு பிள்ளை பிழைக்குமா பிழைக்காதான்னு கிடக்கு, அதிர்ச்சி கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார், சத்தம் கேட்டா முழிச்சுக்கும், அவனை உன் வீட்டுக்குக் கொண்டுபோடான்னா. என் வீட்டிலதான் வெச்சோம். தெருக்கோடி. அப்படியும் காத்து இந்தப் பக்கம் அடிச்சிருக்கு. கடல்நாய் இல்ல தம்பி. சும்மா சொன்னேன். எங்க ஊர்ப் பொம்பளைங்க. அம்மா மட்டும் அந்தக் கூட்டத்தில இல்ல. அவ இங்க பால் காய்ச்சிக்கிட்டிருந்தா.

அழாதீங்க. அழுதா ஊசி நகரும். உங்க மேல யாருக்கும் ஒண்ணுமில்ல. அவன் உங்களுக்குக் கடன் குடுக்கல, கடன் குடுக்கிறவன் திரும்பி வர்ற மாதிரித்தானே குடுப்பான்? ஒரு விளக்குல இருந்து இன்னொரு விளக்கை ஏத்தினா, ஏத்தின விளக்குகிட்ட போய் நீ எனக்கு எவ்வளவு தரணும்னு கேக்கமாட்டாங்க. எரியணும், அவ்வளவுதான். எரியறது ஒண்ணுதான் மரியாதை. இதை உங்களுக்கு மட்டும் சொல்லல, எனக்கும் சேர்த்துத்தான் சொல்லிக்கிறேன். ராவெல்லாம் சொல்லிக்கிட்டே இருக்கேன், இன்னும் உள்ள இறங்கல.

நான் போட்டுக்கலாம். கேக்கறது நியாயம்தான். அண்ணன் உயிரோட இருக்கும்போது அந்நியன் எதுக்குன்னு ஊரும் கேட்டுது. மத்தவங்க யாரும் போடமாட்டாங்க. கடல் ஆளை மாத்தி எடுத்திருக்கு, கணக்கு தீரல, இந்தக் கோட்டுக்குள்ள எவன் இருக்கானோ அவனைத் தேடி வரும்னு பயம். பக்கத்து வீட்டு நோரா, இருட்டற நேரம் உள்ளங்கைத் துறையில ஒருத்தன் அடக்கத்துப் பழுப்பு அங்கியோட தோளைக் கட்டிக்கிட்டு நிக்கிறதைப் பார்த்தேன்னு சொல்றா. அவ பொய் சொல்றவ இல்ல. அதைக் கேட்டதும் நானே எடுத்துப் போட்டுக்கிட்டேன். கண்ணாடியில பார்த்தேன், ஒரு பக்கம் தொங்கிக்கிட்டு, கோமாளி மாதிரி. பரவால்ல, உனா நடக்கலையா, நானும் நடக்கறேன்னேன். அம்மாதான் வேணாம்னா. அவன் எந்தப் பிள்ளைக்காகப் போனானோ அந்தப் பிள்ளை நடக்கிறதை அவன் அங்க இருந்து பார்க்கட்டும்டா, குளிருக்கு அதைவிடப் பெரிய கம்பளி எது இருக்குன்னா. உடனே கழட்டிட்டேன். நாள் முழுக்க ஊருக்கு உபதேசம் பண்றவன் நான். அவ ஒரு வாய் பேசினா, என் வாய் மூடிக்கும்.

மணி அடிக்குது. மொதல் மணி.

முடிஞ்சுது, நூலைக் கடிச்சுடறேன், அசையாதீங்க. ஆச்சு. இப்ப நீங்கதான் சொல்லணும். சாமியார் வண்டி கோயில் வாசல்ல நிக்குது, இடம் இருக்கு. அதுல போறதுன்னா இப்பவே கழட்டிடுங்க, என்னோட பழைய சட்டை ஒண்ணு தர்றேன், போட்டுக்கிட்டு நிம்மதியாப் போங்க. சட்டை மட்டும் அவனுக்குச் சேர்ந்து மத்தது சேராம நிக்கிறதைவிட, தொடங்காம இருக்கிறது நல்லது. மனசுல ஒண்ணும் வெச்சுக்கமாட்டோம்.

இல்லையா?

மூணுமா?

சரி. அப்ப பொத்தானைப் போடுங்க. நடு பொத்தான் கொஞ்சம் இறுக்கம், அவன் அதைப் பத்தி என்கிட்ட சண்டை போட்டான். வழியில சில பேர் ஒதுங்கி நிப்பாங்க, சிலுவை போட்டுக்குவாங்க. கண்டுக்காதீங்க. கிழவர் கோனல் தொப்பியை எடுப்பார்னு நினைக்கிறேன். எடுத்தா நீங்க தலையாட்டினா போதும், நல்ல நாள்னு மட்டும் சொல்லிடாதீங்க.

நீங்க முன்னால நடங்க. நான் ஒரு பக்கமா நொண்டிக்கிட்டு வர்றேன். அம்மா வாசல்ல நிக்கிறா, அவ நம்ம கூட வரமாட்டா, கொஞ்சம் தள்ளிப் பின்னாலதான் வருவா. அப்படித்தான் வருவேன்னு சொல்லியிருக்கா. வழியில அவ காலடிச் சத்தம் நின்னுபோனாலும் நீங்க நிக்காதீங்க. ஃபெஹின்னு பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காதீங்க தம்பி. கோயில் வரைக்கும் மட்டும். பின்னால இருந்து பார்த்தா கோட்டு மட்டும்தானே தெரியும்.